கணித மேதையின் நோய் நாட்கள்

சென்னைக் கடற்கரையில் மின்சார ரயில் ஏறித் தெற்கே போனால், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு நிலையம் வரும். அதன் பெயர் தாம்பரம் சானடோரியம்.

தினமும் ஆயிரக்கணக்கான பேர் அங்கே ஏறி இறங்குகிறார்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் சிலரே.

சானடோரியம் என்றால், நெடுநாள் நோயாளிகள் தங்கி உடம்பைத் தேற்றிக் கொள்ளும் இடம். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் இத்தகைய ஆஸ்பத்திரிகள் உலகம் எங்கும் இருந்தன. நல்ல காற்று, நல்ல உணவு, நல்ல ஓய்வு. இவை மூன்றும்தான் அங்கே வைத்தியம்.

தாம்பரத்தில் 1928-ம் ஆண்டு அந்தச் சானடோரியத்தைத் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. அதற்கு முன் அவர் இங்கிலாந்தில், மெண்டிப் மலையில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தார்.

1917-ம் ஆண்டு அந்த மலை ஆஸ்பத்திரிக்கு ஒரு தமிழர் நோயாளியாக வந்து சேர்ந்தார். அவருக்கு வயது 29. உடம்பு இளைத்திருந்தது. காய்ச்சல் விடாமல் வந்தது. மனமும் சோர்ந்திருந்தது.

அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

ராமானுஜனின் கணக்குகளைப் பற்றிப் பலரும் எழுதி இருக்கிறார்கள். அவர் நோயோடு வாழ்ந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவது இல்லை. நெடுநாள் நோயாளி இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டிய கதை அது.

கும்பகோணத்துச் சிறுவன்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச அய்யங்கார், ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனைப் பாட்டு பாடுவார்.

இரண்டு வயதில் ராமானுஜனுக்குப் பெரியம்மை கண்டது. பிழைத்துக் கொண்டார். அவருக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் சில, கைக்குழந்தைகளாக இருக்கும்போதே இறந்துவிட்டன. ஆகையால் தாயாருக்கு மூத்த மகன் மேல் உயிர். அவருக்குப் பிடித்ததைச் சமைப்பார். பக்கத்தில் இருந்து பரிமாறுவார்.

பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பழைய கணக்குப் புத்தகம் ராமானுஜன் கையில் கிடைத்தது. அதில் சுமார் 5 ஆயிரம் சூத்திரங்கள் இருந்தன. அன்று பிடித்த கணக்குப் பைத்தியம் கடைசி வரை விடவில்லை.

கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைப் படிக்க மனம் வரவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித் தொகை பறிபோயிற்று. 1906-ம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கடுமையான சீதபேதி வந்து ஊர் திரும்ப நேர்ந்தது. இந்தச் சீதபேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் அதைப் பற்றி ஒரு செய்தி வருகிறது.

1909-ம் ஆண்டு அவருக்கும் ஜானகிக்கும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 21. பெண்ணுக்கு வயது 10. அக்காலத்து வழக்கம் அது.

அடுத்த ஆண்டு ராமானுஜனுக்கு ஓர் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. வீட்டில் பணம் இல்லை. ஒரு டாக்டர் காசு வாங்காமல் ஆபரேஷன் செய்தார்.

பிறகு, கணக்கு நோட்டுகளைக் கையில் எடுத்துக் கொண்டு வேலை தேடி அலைந்தார். காகிதம் வாங்கக் காசு இல்லாததால் சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். விடையை மட்டும் நோட்டில் குறித்துக் கொள்வார்.

1912-ம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் ரூ.30.

சீமைப் பயணம்

1913-ம் ஆண்டு ஜனவரி மாதம், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணிதப் பேராசிரியருக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். தாம் கண்டுபிடித்த சூத்திரங்களை அதோடு இணைத்து அனுப்பினார்.

ஹார்டி அதைப் பார்த்து அசந்து போனார். எழுதியவர் ஒரு மேதை என்பது அவருக்குத் தெரிந்து விட்டது. உடனே அழைப்பு அனுப்பினார்.

கடல் கடந்து போவது ஆசாரத்துக்கு விரோதம் என்று எண்ணிய காலம் அது. தாயார் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு சம்மதித்தார். ராமானுஜன் குடுமியை எடுத்துவிட்டு, 1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி சென்னையில் கப்பல் ஏறினார். ஜானகி மாமியாரோடு ஊரில் இருந்தார்.

ஏப்ரல் மாதம் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டு மாதம் இங்கிலாந்து முதல் உலகப் போரில் இறங்கியது.

ராமானுஜன் சைவ உணவுக்காரர். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் சாப்பிடுவது இல்லை. தம் அறையிலேயே அடுப்பு வைத்துத் தாமே சமைத்தார். ஊரில் இருந்து சாமான்கள் கப்பலில் வர வேண்டும். போர் வந்ததும் அதுவும் தடைப்பட்டது. காய்கறி கிடைப்பது அரிதாயிற்று.

இரவு முழுவதும் விழித்திருந்து கணக்குப் போடுவார். பசித்தால்தான் சமைப்பார். சில நாள் ஒரே வேளைதான் சாப்பாடு.

அங்கே படித்துக் கொண்டிருந்த மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனார். இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேல்கோட்டைப் போட்டுக் கொண்டு சால்வையைப் போர்த்திப் படுப்பதாகவும் ராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் படுக்கையின் அடியில் மடித்துச் செருகி இருந்தன. அவற்றை விலக்கி, உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை! இத்தனை நாளும் கம்பளிக்கு மேலே படுத்துக் குளிரில் நடுங்கி இருக்கிறார். மகலனோபிஸ் படுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார்.

ஹார்டி தினமும் அவரைச் சந்தித்தார். பேச்செல்லாம் கணக்கைப் பற்றியே இருந்தது. சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று விசாரிக்க அங்கே வீட்டு மனிதர் ஒருவரும் இல்லை.

ரசமும் கோபமும்

நோய் வெளியே தெரிவதற்கு முன்பே ராமானுஜனின் மனம் நொந்திருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள்.

ஒரு நண்பருக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. அவரையும், மணப்பெண்ணையும், மற்றொரு பெண்ணையும் ராமானுஜன் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். தம் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். ரசத்தை எல்லோரும் புகழ்ந்து, இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார்கள். மூன்றாம் முறை அவர் ஊற்ற வந்தபோது பெண்கள் போதும் என்று சொல்லி விட்டார்கள்.

சிறிது நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. விருந்தாளிகள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய் விட்டார்கள். நாலைந்து நாள் அவர் எங்கே என்றே தெரியவில்லை. ஆக்ஸ்போர்டு ஊருக்குப் போய்விட்டார்! தம் சமையலை அவமதித்து விட்டார்கள் என்ற வருத்தம் அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு கிண்ணம் ரசத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். குளிர், தனிமை, அரை வயிற்றுச் சாப்பாடு, போர்ப் பயம் எல்லாம் பல மாதமாகச் சேர்ந்திருந்தன. மனம் ஏற்கெனவே நிரம்பி இருந்தால் ஒரு துளி போதும், வழிந்துவிடும்.

நோய் வந்தது

1917-ம் ஆண்டு வசந்த காலத்தில் ராமானுஜன் படுக்கையில் விழுந்தார். முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் புண் என்று ஒரு டாக்டர் சொன்னார். காசநோய் என்று மற்றொருவர் சொன்னார். ஈரலில் கோளாறு என்று கருதியவர்களும் உண்டு. டாக்டர்கள் மாறினார்கள். ஆஸ்பத்திரிகளும் மாறின.

இலையுதிர் காலத்தில்தான் அவர் மெண்டிப் மலைக்கு, டாக்டர் முத்துவிடம் போனார். அங்கே அதிக நாள் தங்கவில்லை. பிறகு மாட்லாக் என்ற ஊரில் இருந்த சானடோரியத்துக்கு மாறினார்.

அந்தக் காலத்துச் சானடோரியத்தில் எந்நேரமும் ஜன்னல் திறந்திருக்கும். குளிர்ந்த காற்று நுரையீரலுக்கு நல்லது என்று டாக்டர்கள் நம்பினார்கள். அந்த நாட்டில் பிறந்தவர்களுக்கே அது கடினம். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்தவர் எப்படித் தாங்குவார்?

அறையில் கணப்பு மூட்டித் தர வேண்டும் என்று கேட்டார். முக்கியமான கணக்கு வேலை இருக்கும் நாளில் மூட்டித் தருவதாகச் சொன்னார்கள். அந்த நாள் வரவே இல்லை. ஆஸ்பத்திரியில் வெதுவெதுப்பாக இருந்த ஒரே இடம் குளியல் அறை. ஆகவே, பேனாவும் காகிதமும் எடுத்துக் கொண்டு தினமும் குளியல் அறைக்குப் போய்க் கணக்குப் போடலாம் என்று ராமானுஜன் திட்டம் போட்டார்! அதை ஹார்டிக்குக் கடிதமாகவும் எழுதினார்.

உணவும் ஒரு போராட்டமாக இருந்தது. காசநோயாளி நிறையச் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர்கள் விதி. அங்கே கிடைத்த சைவ உணவோ அவருக்கு இறங்கவில்லை. காரமும் புளிப்பும் கலந்த நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்கியது.

இங்கிலாந்தில் வேலை பார்த்த ராமலிங்கம் என்ற எஞ்சினியர் 1918-ம் ஆண்டு ஜூன் மாதம் மாட்லாக் போய் அவரோடு மூன்று நாள் தங்கினார். ராமானுஜன் எதைச் சாப்பிடுகிறார், எதை ஒதுக்குகிறார் என்று ஒவ்வொன்றாகக் கவனித்து, ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். நோயாளியின் தட்டை உற்றுப் பார்த்தவர் அவர்தான்.

ராமானுஜன் பிடிவாதக்காரர், சொன்னபடி நடக்காத நோயாளி என்று பெயர் வந்தது. விடாத காய்ச்சலில் உடம்பு கரைந்து கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே களைத்துப் போனார். எந்நேரமும் கணக்குப் போட்டவருக்குப் பேனா பிடிப்பதே பாரமான நாட்கள் அவை.

வராத கடிதங்கள்

இந்த வேதனையோடு இன்னொரு வேதனையும் சேர்ந்தது. ஊரில் இருந்து கடிதங்கள் குறைந்து போயின. ஜானகியிடம் இருந்து ஒன்றும் வரவில்லை.

மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப் போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. கணவர் எழுதியவையும் அவர் கைக்கு வரவில்லை. மாமியார் தடுத்து விட்டார் என்று பின்னாளில் ஜானகி தெரிவித்தார்.

கோமளத்தம்மாள் மகன் மேல் உயிரையே வைத்திருந்தவர். நடந்த சச்சரவு வீட்டுக்குள் நடந்ததுதான். அதன் வலி, 5 ஆயிரம் மைலுக்கு அப்பால் படுத்திருந்த நோயாளியைத் தாக்கியது. மனைவி தம்மை மறந்து விட்டாள் என்று அவர் எண்ணி இருப்பார். மனைவியும் அவ்வாறே எண்ணி இருப்பார்.

1918-ம் ஆண்டின் தொடக்கத்தில் ராமானுஜனின் மனம் உடைந்தது. லண்டனில் ஒரு ரயில் நிலையத்தில் உயிரை விட முயன்றார். ஒரு ரயில்வே ஊழியர் கடைசி நேரத்தில் பார்த்து ரயிலை நிறுத்தியதால் காயத்தோடு உயிர் தப்பினார்.

தற்கொலை முயற்சி அங்கே அன்று குற்றம். போலீசார் பிடித்துச் சென்றார்கள். ஹார்டி ஓடி வந்து பேசி அவரை மீட்டார்.

இது நடந்தபோது ராமானுஜன் உலகப் புகழின் வாசலில் நின்றார். அறிவு மிகுந்தவருக்கும், புகழ் வரப்போகிறவருக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். நெடுநாள் நோய் உடம்பைத் தின்பது போலவே மனத்தையும் தின்னும். இது அவருடைய கோழைத்தனம் அல்ல. நோயின் ஒரு பகுதி.

மீண்டும் வெளிச்சம்

ராமானுஜனின் உடல்நிலை ஹார்டிக்குப் பெரிய கவலையாக இருந்தது. காலம் தாழ்த்தக் கூடாது, அவருக்கு உரிய கௌரவம் உடனே கிடைக்க வேண்டும் என்று அவர் முயன்றார்.

1918-ம் ஆண்டு மே மாதம் ராமானுஜன் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். எப்.ஆர்.எஸ். பட்டம் அது. அதைப் பெற்ற இரண்டாவது இந்தியர் அவர். அக்டோபர் மாதம் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியும் அவருக்குப் பெலோ பதவி கொடுத்தது.

காய்ச்சல் பட்டத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிடவில்லை. ஆனால் மனம் தெளிந்தது. மறுபடியும் கணக்கில் ஊக்கம் பிறந்தது. புதிய கண்டுபிடிப்புகள் வந்தன.

லண்டனை அடுத்த பட்னி என்ற இடத்தில் அவர் படுத்திருந்தபோது ஹார்டி பார்க்க வந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், தாம் வந்த டாக்சியின் எண் 1729 என்றும், அது ஒரு சுவையற்ற எண் என்றும் சொன்னார். படுத்திருந்த ராமானுஜன் உடனே அதை மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான் என்று விளக்கினார்.

ஒரு எண்ணை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்கினால் வருவது கனம். 12-ன் கனம் 1728. அதோடு 1-ன் கனமாகிய 1-ஐக் கூட்டினால் 1729. 10-ன் கனம் 1000. 9-ன் கனம் 729. இரண்டையும் கூட்டினாலும் 1729!

இந்தக் கதையை அவருடைய கணக்குத் திறமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஹார்டி நோயைப் பற்றிப் பேசவில்லை. ராமானுஜனுக்குப் பிடித்த எண்ணைப் பற்றிப் பேசினார். அந்த நிமிடத்தில் படுக்கையில் இருந்தவர் நோயாளி இல்லை. தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கும் ஆசான்.

சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் தருவதாக அறிவித்தது. 1919-ம் ஆண்டு ஜனவரி மாதம் ராமானுஜன் அதற்குப் பதில் எழுதினார். இவ்வளவு பணம் தமக்குத் தேவை இல்லை, பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தம் செலவும் போக மீதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக் கொண்டார். சாவை நினைத்தவர், ஓராண்டுக்குள் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பை நினைத்தார்.

ஊர் திரும்பினார்

1919-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி ராமானுஜன் பம்பாயில் வந்து இறங்கினார். தாயாரும் தம்பியும் காத்திருந்தார்கள். ஜானகி வரவில்லை. ஜானகி எங்கே என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

பின்னர் சென்னையில் ஜானகி வந்து சேர்ந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒரு கூரையின் கீழ் இருந்தார்கள். கடிதங்கள் போன வழி அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது.

கோடையில் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடிக்குப் போனார்கள். பிறகு கும்பகோணம். நோய் முற்றியதால் 1920-ம் ஆண்டு ஜனவரியில் சென்னைக்குத் திரும்பி, சேத்துப்பட்டில் தங்கினார்கள். டாக்டர் சந்திரசேகர் வைத்தியம் பார்த்தார்.

ராமானுஜன் எலும்பும் தோலுமாக இருந்தார். எளிதில் எரிந்து விழுந்தார். ஜானகி அவர் பக்கத்தை விட்டு அகலவில்லை. வேளை தவறாமல் சாதமும், எலுமிச்சம்பழச் சாறும், மோரும் கொடுப்பார். காலிலும் நெஞ்சிலும் வலி என்றால் ஒத்தடம் கொடுப்பார். அதைத் தமக்குக் கிடைத்த பாக்கியம் என்று எண்ணினார்.

அந்தப் படுக்கையில்தான் ராமானுஜன் தம் கடைசிக் கணக்குகளைப் போட்டார். ஜனவரி 12-ந் தேதி ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் நோயைப் பற்றிய புலம்பல் இல்லை. புதிதாகக் கண்டுபிடித்த ஒரு வகைச் சார்புகளைப் பற்றி எழுதி இருந்தார். வலி குறைந்த நேரத்தில் எழுதுவார். களைத்தால் வைத்து விடுவார். மறுபடி கேட்பார். ஜானகி காகிதங்களை எடுத்துக் கொடுப்பார். எழுதியவற்றைப் பத்திரமாகச் சேர்த்து வைப்பார்.

1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி காலை ராமானுஜன் காலமானார். வயது 32.

அவர் எழுதிய காகிதங்கள் இங்கிலாந்துக்குப் போயின. பல ஆண்டு ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்தன. 1976-ம் ஆண்டு அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூஸ் அவற்றை டிரினிட்டி கல்லூரி நூல்நிலையத்தில் கண்டெடுத்தார். 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள் அதில் இருந்தன. எழுந்து நடக்க முடியாத ஒருவர் எழுதிய அந்தக் காகிதங்களைக் கணித அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்து, 1994-ம் ஆண்டு காலமானார்.

என்ன நோய்?

ராமானுஜன் காசநோயால் இறந்தார் என்றே நெடுநாள் நம்பினார்கள். 1994-ம் ஆண்டு டாக்டர் யங் என்ற ஆங்கிலேயர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து வேறு கருத்தைச் சொன்னார். சீதபேதியை உண்டாக்கும் அமீபா என்ற கிருமி ஈரலில் தங்கி, ஆண்டுகள் கழித்து நோயைக் கிளப்பி இருக்கலாம் என்பது அவர் கருத்து. 1906-ம் ஆண்டு பச்சையப்பன் கல்லூரியில் படித்தபோது வந்த சீதபேதி நினைவில் இருக்கிறதா? அதுதான் வித்தாக இருந்திருக்கும் என்கிறார்கள். அந்த நோயை இன்று மருந்தால் குணப்படுத்தலாம்.

டாக்டர் முத்து தாயகம் திரும்பி, 1928-ம் ஆண்டு 12 படுக்கைகளோடு தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ம் ஆண்டு அரசாங்கம் அதை ஏற்றது. இன்று அது பெரிய அரசு நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. 1993 முதல் எய்ட்ஸ் கிருமி தொற்றியவர்களையும் அங்கே சேர்த்துக் கவனித்தார்கள். பல இடங்களில் அவர்களைத் தொடவே பயந்த காலம் அது. 2004-ம் ஆண்டு நாட்டில் இலவசக் கூட்டு மருந்து முதலில் கொடுத்த ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று.

ராமானுஜன் கண்மூடிய சேத்துப்பட்டிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1956-ம் ஆண்டு அங்கே காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால், ஏழை வீட்டிலேயே இருந்தாலும் சானடோரியத்தில் இருப்பது போலவே குணம் அடையலாம் என்று 1959-ம் ஆண்டு அந்த நிலையம் உலகத்துக்குக் காட்டியது. அன்று முதல் காசநோயாளி தாய், மனைவி, பிள்ளைகளை விட்டு மலைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

காசநோய், எய்ட்ஸ், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, வாதம் என்று நீண்ட நாள் நோய்கள் பல. இவற்றில் வரும் களைப்பு சாதாரணக் களைப்பு அல்ல. உடம்பு நோயோடு போராடித் தன் சக்தியைச் செலவழிக்கிறது. காய்ச்சல் சதையைக் கரைக்கிறது. பசியும் தூக்கமும் குறைகின்றன. தூங்கி எழுந்தாலும் அந்தக் களைப்பு போகாது. அதைச் சோம்பல் என்று ஏசக் கூடாது.

தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டு காசநோய்ச் சாவுகளைக் குறைக்க ஒரு திட்டம் தொடங்கினார்கள். நோயாளி வந்த உடனே எடை பார்க்கிறார்கள். மூச்சைப் பார்க்கிறார்கள். பிடித்துக் கொள்ளாமல் நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். நிற்க முடியாத களைப்பு ஆபத்தின் அடையாளம். அத்தகையவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார்கள்.

மனச்சோர்வும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் 100 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தது. 15 ஊர்களில் அதைச் சோதித்தார்கள். சென்னையும் அவற்றில் ஒன்று. தூக்கம் எப்படி, தெம்பு எப்படி, மனத்தில் துக்கம் உண்டா, பணக் கவலை உண்டா, வீட்டாரோடு உறவு எப்படி என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதை அவரைக் கேட்டுத்தான் அறிய முடியும் என்று டாக்டர்கள் ஒப்புக் கொண்டார்கள்.

ராமானுஜனிடம் அன்று இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால், குளிர் அறையும், இறங்காத சாப்பாடும், வராத கடிதமும் முதல் நாளே தெரிந்திருக்கும்.

உங்கள் வீட்டில் நெடுநாள் நோயாளி இருந்தால், மருந்து சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்தாதீர்கள். இரவு தூங்கினாரா, எந்தச் சாப்பாடு இறங்குகிறது, எதை நினைத்து வருந்துகிறார் என்று கேளுங்கள். வீட்டுச் சச்சரவை அவர் படுக்கை வரை கொண்டு போகாதீர்கள். அவருக்குப் பிடித்த வேலையைக் கொஞ்ச நேரமாவது செய்ய விடுங்கள். களைத்தால் வற்புறுத்தாதீர்கள். மீண்டும் கேட்டால் எடுத்துக் கொடுங்கள்.

வாழ்வில் வெறுப்பு வந்தது போல் அவர் பேசினால் விளையாட்டாக எண்ணாதீர்கள். தனியே விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசாங்கத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள்.

ராமானுஜனின் நோயை ஜானகியால் குணப்படுத்த முடியவில்லை. ஆனால் கடைசி நாட்களில் அவருக்கு நேரத்துக்கு மோரும், வலிக்கு ஒத்தடமும், கைக்குக் காகிதமும் கிடைத்தன. சேத்துப்பட்டில் அவர் 600 சூத்திரங்களில் பலவற்றை எழுதியது அந்தக் கவனிப்பில்தான்.